உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தீர்கள், வாயை யார் பார்ப்பது?

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் குழந்தைகள் வார்டிலும் வேலை பார்க்கும் டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும்,

வணக்கம். சண்டை போடுவதற்காக இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் கர்ப்பத்தின் 29 வாரத்திலேயே பிறந்த குறைமாதக் குழந்தை. இன்றைக்கு அவள் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க ஓடுகிறாள் என்றால், அது உங்களைப் போன்றவர்கள் ராத்திரி பகல் பார்க்காமல் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றதால்தான். அந்த நன்றி எனக்குச் சாகும்வரை இருக்கும். ஆனால் நன்றி இருக்கிறதே என்று நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

அவள் எப்படி மூடிக்கொண்டாள் என்று சொல்கிறேன். மூக்குவழியாக வயிற்றுக்குப் பால் இறக்கும் குழாயோடுதான் வீட்டுக்கு அனுப்பினீர்கள். கொஞ்ச நாளில் தானாக வாயால் குடிக்க ஆரம்பித்துவிடுவாள், பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். ஆறு மாதம் ஆகியும் ஒன்றும் பறக்கவில்லை. கரண்டி ஒரு முழ தூரத்தில் வரும்போதே நெற்றி சுருங்கும், கழுத்து பின்னால் போகும், அப்புறம் வயிற்றின் அடியிலிருந்து ஓங்கரிப்பு கிளம்பும். பால் பிடிக்கவில்லையோ என்று ஒருநாள் சந்தேகம் வந்து, கழுவித் துடைத்த வெறும் கரண்டியைக் கொண்டுபோனேன். அதற்கும் அதே ஓங்கரிப்பு. அதாவது நாக்கில் எதுவுமே படாமல், மூக்கில் எந்த வாசனையும் ஏறாமல், பார்த்த மாத்திரத்தில். சொந்த எச்சிலைக்கூட அவள் விழுங்க மாட்டாள், உதட்டோரமாக வழியவிடுவாள், ஒரு நாளைக்கு எட்டுத் துணி நனையும். என் மனைவி அந்தத் துணிகளைத் துவைத்துக் காயப்போடும்போது கொடியில் வரிசையாக ஈரத் துணிகள் தொங்குவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் நீங்கள் கொடுத்த தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. எடை, நுரையீரல், மூளை ஸ்கேன், கண்ணின் விழித்திரை, காது கேட்கும் பரிசோதனை என்று தலை முதல் கால் வரை எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம். வாய்க்கு ஒரு வரி இல்லை. "குழாய் வழியாக மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால்" என்று எழுதியிருந்தது, ஆனால் அது வயிற்றைப் பற்றிய வரி.

ஒருநாள் தூக்கம் வராமல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வென்டிலேட்டரில் இருந்தது 40 நாள். சளி உறிஞ்சியது ஒரு நாளைக்கு எட்டு முறை என்று குறைத்து வைத்தாலும் 320 முறை. இதோடு கன்னத்தில் ஒட்டிய பிளாஸ்டரைப் பிய்த்துப் பிய்த்து மாற்றியது, மூக்குக் குழாய் நழுவியபோதெல்லாம் மறுபடி இறக்கியது, வாயில் ஊற்றிய கசப்பு மருந்து. அதே 40 நாளில் அந்த வாய்க்கு இதமாக வந்தது என்ன? ஒரு சொட்டுப் பால்கூட இல்லை. பிறந்து நாற்பது நாளான ஒரு மனுஷிக்கு வாய் என்றால் என்னவென்று யாராவது கேட்டிருந்தால், வலி வந்து நுழைகிற வாசல் என்றுதான் சொல்லியிருப்பாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்கிறோம். பூனை விஷயத்தில் நமக்குப் புரிகிறது, குழந்தை விஷயத்தில் மட்டும் அடம் என்கிறோம்.

இது நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வது இல்லை, உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கும் சங்கதி. 1966-ல் ஜான் கார்சியா, ராபர்ட் கெல்லிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளை வைத்துச் செய்த சோதனை உங்களுக்கு நினைவிருக்கும். குடிக்கும் தண்ணீருக்கு ஒரு சுவை, குடிக்கும்போது கூடவே வெளிச்சமும் சத்தமும். பிறகு குமட்டல் வரவைத்த எலிகள் அந்தச் சுவையை வெறுத்தன, மின் அதிர்ச்சி கொடுத்த எலிகள் சுவையை விட்டுவிட்டு வெளிச்சத்தையும் சத்தத்தையும் கண்டு ஒதுங்கின. உடம்பு குமட்டலைச் சுவையோடு முடிச்சுப் போடுகிறது, வலியைக் கண்ணும் காதும் பிடித்ததோடு முடிச்சுப் போடுகிறது. எங்கள் மகளுக்கு இரண்டும் கிடைத்தன. பால் எதுக்களித்து நெஞ்சு எரிந்ததால் பாலின் சுவையே பகையானது. உறிஞ்சும் குழாயின் வலி, வாயை நோக்கி நீளமாக எது வந்தாலும் பகை என்று ஆக்கியது. கரண்டியும் நீளம்தானே.

மனிதக் குழந்தைகளிடமும் பார்த்திருக்கிறார்கள். 1978-ல் ஐலீன் பெர்ன்ஸ்டைன் என்ற ஆய்வாளர், புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் குழந்தைகளுக்கு, குமட்டல் தரும் மருந்து ஏற்றுவதற்குச் சற்று முன்னால் அவர்கள் அதுவரை ருசித்திராத ஒரு ஐஸ்கிரீம் கொடுத்துப் பார்த்தார். பின்னாளில் அதையே நீட்டியபோது பலர் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒரே ஒரு தடவைதான், அதுவும் ஐஸ்கிரீம்! 320 தடவைக்கு என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, சின்ன வயது, மறந்துவிடும் என்பீர்கள். அந்தச் சின்ன வயதுதான் சிக்கலே. விழுங்குவது என்பது சுமார் 30 தசைகளும் மூளையிலிருந்து நேராக வரும் ஐந்தாறு நரம்புகளும் ஒரு நொடிக்குள் ஒத்துப்போய், அந்த நேரத்துக்கு மூச்சையும் நிறுத்தி வைத்துச் செய்கிற வேலை. உறிஞ்சல், விழுங்கல், மூச்சு மூன்றும் ஒத்துவருவது கர்ப்பக் கணக்கில் சுமார் 34 வாரத்தில்தான், அதனால் 29 வாரக் குழந்தைக்குக் குழாய் வைத்தே ஆக வேண்டும், அதில் எனக்கு ஒரு கேள்வியும் இல்லை. ஆனால் பிறந்த குழந்தைக்கு இருக்கும், தானாகவே சப்பவைக்கும் உறிஞ்சும் அனிச்சை நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் மங்கிவிடுகிறது. அதற்கு மேல் சாப்பிடுவது என்பது பழகிப் பழகிக் கற்றுக்கொள்ளும் வேலை, நடை பழகுவது போல. அனிச்சை கைகொடுக்கும் மாதங்களைக் குழாய் தின்றுவிட்டால், பிறகு அந்தக் குழந்தை வெறுங்கையோடு ஆரம்பிக்க வேண்டும், அதுவும் பயத்தோடு. மென்று தின்னத் தயாராகும் பருவத்தில் திட உணவு கொடுக்காமல் தவறவிட்டால் பின்னால் பழக்குவது பெரும்பாடு என்று இல்லிங்வர்த், லிஸ்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதியது 1964-ல். நான் பிறப்பதற்கு முன்னால்.

எல்லாமே பயம்தான் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். இதயத்தின் பக்கத்து ரத்தக்குழாயை மூடும் அறுவை சிகிச்சையில் குரல்நாண் நரம்பு அடிபட்டு, பால் மூச்சுக்குழலுக்குள் போகும் குழந்தைகள் இருக்கிறார்கள். இருமல்கூட வராமல் சத்தமில்லாமல் புரையேறுகிற குழந்தைகளும் இருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற பொருளைக் கலந்து கொடுத்து, விழுங்கும்போதே எக்ஸ்ரே வீடியோ எடுத்துப் பார்த்தால்தான் அது தெரியும். அப்படிப்பட்ட குழந்தையைப் பழக்குகிறேன் என்று வாயில் ஊற்றினால் நுரையீரல் போய்விடும். அதனால் தொண்டையை முதலில் பாருங்கள். ஆனால் தொண்டை நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஃபைலை மூடிவிடாதீர்கள். எங்களுக்கு நடந்தது அதுதான். வீடியோவில் எல்லாம் சுத்தம். டாக்டர் சிரித்துக்கொண்டே, "ஒன்றுமே இல்லை, அம்மா கொஞ்சம் கண்டிப்பாகப் பழக்கினால் சரியாகிவிடும்" என்றார்.

அந்த ஒற்றை வாக்கியம் எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். கண்டிப்பாகப் பழக்கினோம். நான் இரண்டு கையையும் துணியில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, என் மனைவி கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்து ஊற்றுவாள். 11 நாள். உள்ளே போனதைவிட மேல்சட்டையில் வழிந்ததும் வாந்தியாக வந்ததும்தான் அதிகம். பன்னிரண்டாம் நாள் காலை, என் மனைவி மடியில் துணியை விரித்ததைப் பார்த்ததும் அவள் தவழ்ந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். கூப்பிட்டுப் பார்த்தோம். வரவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த மூக்குக் குழாயின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அன்றைக்கு நிறுத்தினோம். நாங்கள் செய்த தவறு அது, உங்கள் தலையில் கட்டவில்லை. ஆனால் அந்தத் தவறுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தது யார் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

ஊட்ட ஊட்ட வாந்தி, வாந்தியால் பயம், பயத்தால் எடை இறக்கம், எடை இறங்கினால் குழாயில் இன்னும் கூடுதல் பால், கூடுதல் பாலால் பசியே இல்லை. செக்குமாடு மாதிரி இதிலேயே சுற்றினோம். பசித்தால் சாப்பிடுவாள் என்பதில் உள்ள ஓட்டை இதுதான், அந்தக் குழந்தைக்குப் பசி எப்படி இருக்கும் என்று தெரிய ஒரு வாய்ப்பே நாம் கொடுப்பதில்லை, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் அவளுக்குப் பதிலாகப் பசித்துவிடுகிறது.

வெளியே உறவுக்காரர்கள் சொன்னதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அம்மாவுக்கு ஊட்டத் தெரியவில்லை, அம்மாவுக்குப் பதட்டம், அம்மா செல்லம் கொடுக்கிறாள். ஆமாம், அம்மாவுக்குப் பதட்டம்தான். ஏழு மாதமாகக் குழந்தை சாப்பிடாத வீட்டில் அம்மாவுக்குப் பதட்டம் இல்லாவிட்டால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

இதற்கு ஒரு பெயர் உண்டு என்பதே எங்களுக்குப் பத்தாவது மாதத்தில்தான் தெரிந்தது. 2019-ல் நிபுணர்கள் கூடி, குழந்தைகளின் உணவூட்டல் கோளாறு என்று வரையறை எழுதி, உடல்நோய், ஊட்டச்சத்து, சாப்பிடும் திறன், மனமும் குடும்பமும் என்று நான்கு பக்கமும் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மருத்துவ அனுபவத்தாலோ தொண்டை அடைத்ததாலோ வரும் உணவு பயத்தைப் பற்றி 1980-களிலிருந்தே எழுதிவருகிறார் அயரீன் சட்டூர் என்ற குழந்தை மனநல மருத்துவர். பெயர் தெரிந்த அன்றைக்கு ராத்திரி என் மனைவி நன்றாகத் தூங்கினாள். பெயர் வந்தால் சாப்பாடு இறங்கிவிடாது, ஆனால் பழி இறங்கிவிடுகிறது.

என்னை அதிகம் உறுத்துவது ஒன்று உண்டு. வாய்க்கு ஆரம்பத்திலேயே பழக்கம் கொடுக்க வேண்டும் என்பது உங்கள் துறைக்குப் புதிதில்லை. உணவுக்குழாய் இணையாமல் பிறந்து, இடைவெளி அதிகமாக இருப்பதால் அறுவை சிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் குழந்தைகளில் சிலருக்கு உங்கள் சர்ஜன்கள் என்ன செய்கிறார்கள்? மேல்பாதிக் குழாயைக் கழுத்தில் ஒரு துளை வழியாக வெளியே விட்டு, வாயில் பால் கொடுக்கிறார்கள். குழந்தை குடிக்கிறது, பால் கழுத்து வழியாகத் துணியில் வழிந்துவிடுகிறது, அதே நேரத்தில் வயிற்றுக் குழாயில் வேறு பால் போகிறது. ஒரு சொட்டுகூட வயிற்றுக்குப் போகாத பாலை எதற்குக் கொடுக்கிறார்கள்? குடித்தால் வயிறு நிறையும் என்று வாய் கற்றுக்கொள்ள வேண்டும், பின்னால் குழாயை இணைக்கும் நாளில் அந்தக் குழந்தைக்கு விழுங்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான். இதைப் படித்தபோது எனக்கு முதலில் கண் கலங்கியது, அப்புறம் கோபம் வந்தது. உணவுக்குழாயே இணையாத குழந்தையின் வாய்க்கு இவ்வளவு யோசிக்கத் தெரிந்தவர்களுக்கு, எல்லாம் இணைந்திருக்கிற எங்கள் மகளின் வாய் ஏன் ஞாபகம் வரவில்லை?

ஆகவே நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, புது மெஷின் வேண்டாம். சளியைக் கடிகாரம் பார்த்து உறிஞ்சாமல் தேவை பார்த்து உறிஞ்சுங்கள், அது உங்கள் விதிமுறைகளிலும் இருப்பதுதான். பிளாஸ்டரை எண்ணெய் தொட்டு நனைத்து எடுங்கள், அரை நிமிடம்தான் கூடும். குழாயில் பால் போகும் நேரத்தில் வாயில் ஒரு சூப்பான் கொடுங்கள், முடிந்தால் அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோலாகப் படுக்க வையுங்கள், வாய் சப்பும்போதுதான் வயிறு நிறைகிறது என்ற முடிச்சு அங்கே விழட்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு இப்படிச் சும்மா சப்பக் கொடுத்தால் வாய்வழிப் பாலுக்கு மாறுவதும் சீக்கிரம் நடக்கிறது, வீட்டுக்குப் போகும் நாளும் முன்னால் வருகிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். கசப்பு மருந்தைப் பாலில் கலக்காதீர்கள், குழாய் இருக்கும்போது முடிந்தவரை குழாயிலேயே கொடுங்கள். விழுங்குதல் சிகிச்சை நிபுணரை, குழந்தை ஒரு வருஷம் சாப்பிடாமல் திரும்பி வந்த பிறகு அழைக்காமல், வார்டில் இருக்கும்போதே அழைத்துக் காட்டுங்கள். குழாயோடு வீட்டுக்கு அனுப்பினால், அதை எப்போது, யார் மேற்பார்வையில், எப்படி எடுப்பது என்று அந்தத் தாளிலேயே எழுதி அனுப்புங்கள். குழாய் போடுவதற்கு உங்களிடம் நெறிமுறை இருக்கிறது, எடுப்பதற்கு இல்லை. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகர மருத்துவமனையில் குழாயிலிருந்து குழந்தைகளை விடுவிப்பதையே தனி வேலையாக எடுத்துப் பல ஆண்டுகள் செய்திருக்கிறார்கள். அதனால் முடியாத காரியம் இல்லை.

ராத்திரி ஷிப்டில் ஒரு சிஸ்டர் இருந்தார். உறிஞ்சும் முன் ஒரு உள்ளங்கையைத் தலையிலும் இன்னொன்றை இரண்டு பாதத்திலும் வைத்து, "இப்போ வரப்போறேன் கண்ணம்மா" என்று மெல்லச் சொல்லி, மூச்சு சமமாகும்வரை காத்திருப்பார். அவர் இருக்கும் ராத்திரிகளில் மானிட்டர் கத்துவது குறைவு. நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தது, அறிவியல் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மற்றவர்கள் அவரை, வேலையில் கொஞ்சம் மெதுவான ஆள் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

எங்களுக்கு வழி காட்டிய சிகிச்சை நிபுணர் முதலில் செய்தது, கரண்டியை எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டதுதான். மூன்று வாரத்துக்கு அவள் வாய்ப் பக்கம் எதுவும் போகக் கூடாது. கரண்டியைத் தரையில் போடுங்கள், தட்டட்டும், எறியட்டும், பொம்மைக்கு ஊட்டட்டும் என்றார். குழாய்ப் பாலையும் தனி அறையில் படுக்க வைத்துக் கொடுக்காமல், நாங்கள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார வைத்துக் கொடுக்கச் சொன்னார். ஊட்டச்சத்து நிபுணர் எடையையும் சிறுநீரையும் வாராவாரம் பார்த்தபடி ராத்திரிப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். (இதைப் படிக்கும் பெற்றோர் யாரும் ஆள் துணை இல்லாமல் வீட்டில் குழாய்ப் பாலைக் குறைத்துவிடாதீர்கள், நீர் வற்றிவிடும், சர்க்கரை இறங்கிவிடும்.) அப்போதுதான் முதன்முதலாக விடியற்காலையில் அவள் ஒரு புது மாதிரி அழுதாள், சிணுங்கலும் இல்லை வலியும் இல்லை. அது பசி என்று எங்களுக்கே புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

அப்புறம் ஒரு மத்தியானம், பொம்மைக்கு ஊட்டி முடித்து எனக்கு ஊட்டினாள். மசித்த பழம் கரண்டியில் ஒட்டியிருந்தது. நான் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள், மெதுவாகக் கொண்டுபோய்த் தன் கீழுதட்டில் வைத்து எடுத்துவிட்டாள். நாக்கு வெளியே வந்து உதட்டை ஒரு தடவு தடவியது. ஓங்கரிப்பு வரவில்லை. என் மனைவி அடுப்படி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றிருந்தாள், கைதட்டக் கூடாது என்று நிபுணர் சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகும் குழாயை எடுக்க ஐந்து மாதம் ஆனது. வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துவிடலாமா என்ற பேச்சு நடுவில் இரண்டு முறை வந்துபோனது, தேவைப்படும் குழந்தைகளுக்கு அது நல்ல வழிதான், எங்களுக்குக் கொஞ்சத்தில் தப்பியது. இப்போது அவளுக்கு இரண்டரை வயது. எச்சில் துணி கிடையாது. கரண்டி மட்டும் அவள் கையில்தான் இருக்க வேண்டும், வேறு யார் நீட்டினாலும் வாய் பூட்டிக்கொள்ளும்.

அடுத்த மாதம் ஒரு சின்னப் பரிசோதனைக்காக மறுபடி உங்கள் மாதிரி ஒரு வார்டுக்கு வருகிறாள். முகத்துக்கு மாஸ்க் வைப்பார்கள் என்று சொன்னார்கள். ஒரே ஒரு உதவி செய்யுங்கள். அந்த மாஸ்க்கை அவள் முகத்தில் வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் அவள் கையில் கொடுங்கள். திருப்பிப் பார்ப்பாள், பொம்மைக்கு வைத்துப் பார்ப்பாள், உங்களுக்கும் வைக்க வந்தால் கொஞ்சம் குனிந்து கொடுங்கள். அப்புறம் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

இப்படிக்கு,
ஒரு அப்பா